ஐந்து நாள், மூன்று வேளை

மஞ்சக்குப்பத்தில் மாடியேறினால் என் கிளினிக்.
மார்ச் கணக்குக்காக
மருந்துச்சீட்டு நகல்களைப் புரட்டினேன்:
அமாக்ஸிசிலின், அமாக்ஸிசிலின், அமாக்ஸிசிலின்.
அத்தனை வாயில் சொத்தை தேடியவன்
என் கிறுக்கலில் தேடியதில்லை.

வீங்காத ஈறுக்கும் எழுதியிருக்கிறேன்.
பயத்துக்கு எழுதியிருக்கிறேன்,
அவர்கள் பயமல்ல, என்னுடையது:
ஞாயிற்றுக்கிழமை வலித்தால்
எதிர்ச்சாரி டாக்டரிடம் போய்விடுவார்களே.

தேவனாம்பட்டினத்துத் தேசப்பன்
இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாராம்.
"வலி போச்சே சார்.
மிச்சத்த மச்சான் கால் புண்ணுக்குக் குடுத்தேன்."
மச்சான் இப்போது பெரியாஸ்பத்திரியில்.
மூன்று மருந்து மாற்றியும் அசையாத சீழ்.
என் சீட்டாலா?
தெரியாது. யாருக்கும் தெரியாது.

இன்று அவர் மகளுக்குக் கடைவாய்ப்பல்.
மரக்க ஊசி போட்டு, குடைந்து, கழுவி, அடைத்தேன்.
"வலிச்சா பாராசிட்டமால் போதும்.
கன்னம் வீங்கினா
ராத்திரியானாலும் கூப்பிடு."

நாற்காலியை விட்டு எழவில்லை அவள்.
"மாத்திரை எழுதலையா சார்?"
"வேணாம்மா."
ஃபீஸில் பாதியாவது
திரும்பி வருமா என்பதுபோல் பார்த்தாள்.

பேனாவை மூடிவிட்டேன்.
கீழே மெடிக்கல் ஷட்டர் இன்னும் இறக்கவில்லை.
படியிறங்கும் செருப்புச் சத்தம்
எந்தப் பக்கம் திரும்புகிறதென்று
கையுறையோடு நின்று கேட்கிறேன்.