ப உதிர்ந்த பலகை

அமலோற்பவம் டீச்சர் கொடுத்தனுப்பிய
மஞ்சள் அட்டையில் நாலு கட்டம்.
தேதி. புத்தகத்தின் பெயர்.
எத்தனை நிமிடம். பெற்றோர் கையெழுத்து.
கடைசிக் கட்டத்தை மட்டும்
பயமில்லாமல் நிரப்புவேன்.

நாற்றுப் பறித்துவிட்டு வந்த விரல்
நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும்.
வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினால்
தாள் நனைந்துவிடுமென்று
முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொள்வேன்.
எட்டாவதோடு நின்றவள் நான்.
பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைச் சிலேட்டு படிப்பேன்.
கதையைச் சத்தமாகப் படித்ததில்லை
யாருக்கும்.

முதல் வாரம் கபிஷா படிக்கவில்லை, ஒப்பித்தாள்.
சளிபிடித்த யானையின் பதினாறு பக்கத்தையும்
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.
ஏமாற்றுகிறாளோ என்று பள்ளிக்கூட கேட்டில் கேட்டேன்.
டீச்சர் சிரித்தார்.
"விடுங்க. கதை எங்க திரும்பும்னு தெரிஞ்சவ
எழுத்தையும் ஒருநாள் பிடிச்சிருவா."

கதிரறுக்கும் மிஷினோடு
ஆந்திராவில் இருக்கிறார் இவள் அப்பா.
ராத்திரி போனை யானைப் படத்தின்மேல் பிடித்து
"தெரியுதா, தெரியுதா" என்பாள்.
டவர் போய்ப் போய் வரும் குரலில்
அவர் தும்முவார், யானைக்காக.
அந்த நிமிடங்களைக் கட்டத்தில் சேர்க்கலாமா
எனக்குத் தெரியவில்லை.
சேர்த்தேன்.

நடுவில் ஒரு சிவப்புச் சுழி வந்தது.
டியூஷன் அக்கா போட்டது.
படத்துக்குப் பெயர் எழுதும் தாளில்
ஆறு என்னும் இடத்தில் இவள்
ஆத்து என்று எழுதியிருந்தாள்.
அழித்து அழித்துத் தாளில் ஓட்டை.
"ஆத்துக்குப் போறோம்னுதானே நாம சொல்றோம்?"
சொல்கிறோம்தான்.
அன்றைக்கு அட்டையில் எதுவும் எழுதவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை.
கோரையாற்றுச் சட்ரஸ் ஓரமாக நடக்கிறோம்.
தண்ணீர் டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது.
பொதுப்பணித்துறை நட்ட பலகை,
துருவும் காக்கை எச்சமுமாக,
நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிற்பது.
கபிஷா நின்றாள்.
ஆ... என்றாள். மூச்சு வாங்கினாள்.
த்... து.
"அம்மா! ஆத்து!
கவுர்மெண்ட்டே ஆத்துன்னுதான் போட்டிருக்கு!"
குதித்தாள்.
பலகையைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள்,
மறுபடி பலகையை.
வாங்கிய சிவப்புச் சுழிக்கு
இத்தனை உயரத்தில் ஒரு சாட்சி.

கெடுக்க மனசு வரவில்லை.
ஆனால் அந்த ஆவுக்கும் த்துவுக்கும் நடுவில்
ஓர் எழுத்தளவுக்குத் துரு.
தினமும் கேட்கும் தண்ணீர்ச் சத்தம்
வேறு மாதிரி கேட்டது எனக்கு.

"சரியாத்தான் படிச்சே" என்றேன், முதலில் அதை.
பிறகு, "நடுவுல ஒண்ணு கொட்டிப்போச்சு."
அவள் பென்சில் டப்பாவில் சாக்பீஸ் துண்டு இருந்தது.
எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை.
மூன்று பக்கம் வரப்பு,
தண்ணி பாய மேலே திறந்த வயல்.
ஒரு ப போட்டேன்.
துருவில் பிடிக்கவில்லை. எச்சில் தொட்டு
இன்னொரு முறை.

ஆ. ப. த். து.
படித்தாள். திரும்பவும் படித்தாள்.
சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.
என் கையைப் பிடித்துக்
கரையிலிருந்து ரோட்டுப் பக்கம் இழுத்தாள்.
கொஞ்ச தூரம் போனபிறகுதான் கேட்டாள்:
"அப்ப ஆத்து தப்பா?"
"ஆத்தும் சரி. பள்ளிக்கூடத் தாள்ல
ஆறுன்னு எழுதிக்க."
யோசித்தபடியே வந்தாள், கடைத்தெரு வரைக்கும்.

ராத்திரி மறுபடி மழை.
அட்டையை விரித்தேன்.
புத்தகத்தின் பெயர்: கோரையாறு.
நிமிடம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தவள்
போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்:
"அம்மா, அந்த ப நனைஞ்சிருமா?"
"நனையும்."
"நாளைக்கு நான் போடுறேன்.
நீ போட்டது கோணல்."