பெட்டி எண் பதினேழு

கோவிலூர்ச் சாலையோரத்து எருக்கைக்
கேரியரில் கட்டிக்கொண்டு
சேவுகன் வந்து சேர்ந்தபோது மணி எட்டே கால்.
ஓர் இலையின் அடியில்
உப்புக்கல்லைவிடச் சின்னதாய் நீ.
உன் இனத்துக்குப் பெயர் வெந்தய வரியன்.
உனக்கு, பதினேழு.

பொரிந்ததும் முட்டையோட்டைத் தின்றாய்.
பிறந்த வீட்டைத் தின்பதுதான் முதல் வேலை.
ஆய்வகத்தின் எதிர்த் தெருவில் அன்று
யாரோ ஒரு பெரிய வீட்டைத்
தூண் தூணாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இலை நரம்பை முதலில் கடித்து
பால் வடியும்வரை பொறுத்திருந்தாய்.
யார் சொன்னது உனக்கு?
அந்தப் பால் பட்டு
இரண்டு நாள் ஒற்றைக் கண்ணால்
உன்னை எடைபோட்டேன் நான்.

நாலு முறை சட்டை கழற்றினாய்.
நாலுக்கும் தேதி, நீளம், மில்லிகிராம்.
காரைக்குடி முப்பத்தொன்பதில் கொதித்தது.
உன் அலமாரியில் மட்டும் இருபது டிகிரி.
ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு
நீ குளிர வேண்டியிருந்தது.

பிறகு மூடியில் தலைகீழாய்
தூண்டில் முள்ளாய் வளைந்து
ஒரு ராத்திரி.
காலையில் இளஞ்சிவப்புக் கூடு, பொன்பொட்டு வைத்து.
இலையில் தொங்கியவை பச்சை.
நீ தொங்கியது பிளாஸ்டிக்கில்.

பத்தொன்பதாம் நாள் கறுத்தாய்.
கூடு கறுத்தால் இரண்டு அர்த்தம் என்று
மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.
அன்று சனிக்கிழமை. திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
'இறப்பு' என்று மையால் எழுதிப் பூட்டினேன்.

திங்கள் காலை
கண்ணாடித்தாள் போல ஒரு தோல்.
வடிதாளில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு.
மூடி அரை அங்குலம் தள்ளி.

"நேத்து பூரா கரண்ட் இல்லம்மா.
புழுங்குமேன்னு அலமாரிக் கதவத் தெறந்தேன்.
பெட்டியத் தொடல"
என்றார் சேவுகன், நான் கேட்பதற்கு முன்பே.
ஜன்னல் பற்றி அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பதிவேட்டில்
முட்டை, புழு, கூடு, சிறகு, இறப்பு.
போனதற்குக் கட்டம் இல்லை.
தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து
பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும்.
அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்,
அதுதான் விதி.
அடித்தேன்.
இப்போதும் படிக்க முடிகிறது.

முப்பது மாதிரிகள் இருபத்தொன்பதாயின.
நெறியாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தைத்
தொடங்கிவிட்டு
புதுக் கட்டைப் பிரித்தேன்.
மூன்றாவது இலையில் ஓர் உப்புக்கல்.
பதினேழாம் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
வேறொரு பெட்டியில்
முப்பத்தொன்று என்று சீட்டு ஒட்டினேன்.