வயது தெரியாத மீன்

செவ்வாய் காலையிலிருந்து சாகிறது.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம், அதுவும் நானும்.
ஜன்னல் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
திரையில் மிஞ்சுவது துறைமுகத்தின் படம்.
அதே துறைமுகம்தான் வெளியிலும்,
மழை மட்டும் அதிகம்.
தோர்ஸ்ஹவனில் மழை கீழே விழாது,
பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டும்.

ரன்வா தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.
"வியாழக்கிழமை அமைச்சகத்துக்குப் போகணும்.
எத்தனை டன் காட் பிடிக்கலாம்னு
படகுக்காரங்க காத்திருக்காங்க."
தெரியும் என்றேன்.
தெரியாது என்ற சொல்லை அந்த வாரம்
நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கணக்கெல்லாம் ஆர் மொழியில்,
வளர்ச்சியைக் கணிக்கும் மாதிரி பைத்தானில்.
ஒன்று ஒன்றிலிருந்து எண்ணும்,
மற்றது சுழியத்திலிருந்து.
முதல் நாள் முழுக்க அதைத்தான் சந்தேகப்பட்டேன்.
கீழ்த்தளத்தில் மீனின் காதுக்கல்லை வெட்டி
வளையம் எண்ணுபவர்களுக்கும் இதே வழக்கு:
நடுச் சுழியை ஒரு வருடமாகச் சேர்ப்பதா?
சேர்ப்பதில்லை.
நானும் சேர்க்காமல் பார்த்தேன்.
சாவு நிற்கவில்லை.

புதிய பதிப்பை இறக்கினேன், பழையதை இறக்கினேன்.
ஒரே நூலகம் இரண்டு இடத்தில் ஏறியிருப்பதைப் பிடித்து
இதுதான், இதுவேதான் என்று மேசையைத் தட்டி
காப்பி போட்டு வந்து ஓடவிட்டேன்.
காப்பி ஆறுவதற்குள் செத்தது.

பிறகு பாதி.
பத்தொன்பது ஆண்டுகளின்
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீன்களை
இரண்டாக வெட்டினேன்.
மேல் பாதி ஓடியது, கீழ்ப் பாதி செத்தது.
செத்த பாதியில் பாதி.
அதில் பாதி.
பதினாறாவது வெட்டில்
ஒரே ஒரு மீன்.

மார்ச் ஏழு. நூற்றுப்பத்து மீட்டர் ஆழம்.
நீளம் எழுபத்தொன்று. பெண்.
எடை இருக்கிறது, ஈரலின் எடைகூட இருக்கிறது.
வயது
காலி.

ஆருக்குக் காலி என்றால் காலி.
முழு எண்களின் கடைசிப் படிக்கு இறங்கி
ஒருவரும் போகாத ஓர் எண்ணை எடுத்து
'தெரியாது' என்பதற்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறது.
அந்த ஏற்பாடு பைத்தானுக்குத் தெரியாது.
அது எண்ணை எண்ணாகவே படித்தது.
இந்த மீனின் வயது
மைனஸ் இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்து நான்கு லட்சத்து
எண்பத்து மூன்றாயிரத்து
அறுநூற்று நாற்பத்தெட்டு.

வேகம் வேண்டுமென்று எல்லை பார்க்காமல்
யாரோ எழுதிய ஒரு துண்டு நிரல்
(யாரோ இல்லை, நான்தான், போன குளிர்காலத்தில்)
அத்தனை வருடமும் பின்னோக்கி நடந்துபோய்
தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்தது.
அங்கே விசாரணை கிடையாது.

கீழே போனேன்.
மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த ட்ரோண்டுர்
நுண்ணோக்கியில் கண்ணும்
காதில் டிரம்ஸுமாக இருந்தான்.
ஏன் காலியா விட்டே?
ஒரு காதை மட்டும் விடுவித்தான்.
"கல் உடைஞ்சிருந்தது.
ஏழுன்னும் சொல்லலாம், பத்துன்னும் சொல்லலாம்.
தெரியலை."
கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

மேலே வந்து மற்றவற்றைப் பார்த்தேன்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினொரு மீன்கள்.
ஒன்றில்கூடக் காலி இல்லை.
பத்தொன்பது ஆண்டுகளாக
ஒரு கல்லும் உடையவில்லை.

திருத்தம் நான்கே வரி.
புதன் இரவு பதினொன்றே காலுக்கு
சாகாமல் ஓடி முடிந்தது.
எத்தனை டன் என்பது இணைப்பில், என்று
ரன்வாவுக்கு எழுதினேன்.
அடுத்த பத்தியில்
பழைய வயதுகளில் எத்தனை
நாமாகப் போட்டவை என்று தொடங்கி, அழித்து,
மறுபடி தொடங்கி
தெரியவில்லை என்று முடித்தேன்.
அதை அழிக்கவில்லை.