வெள்ளிக்கிழமை எத்தனை பேர்

மண்டபம் ரயில்வே குடியிருப்பில்
வெள்ளிப் பொழுது சாய்ந்தால் மூன்று பேர்:
அப்பா, அம்மா, நான்.
கடற்காற்றுக்கு மெழுகுவத்தி நிற்காது.
சோற்றுப் பானையை மறைப்பாக வைத்து
அம்மா ஏற்றுவாள்.

சிப்போரா என்றுதான் அப்பா எழுதிக் கொடுத்தார்.
வேதாகமம் படித்த டீச்சர் ஒரு ளகரம் சேர்த்துச்
சிப்போராள் ஆக்கி
தங்கச்சிமடத்துப் பிள்ளைகளோடு
ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பிவிட்டார்.
இரண்டு மாதம் போனேன். பாட்டு நன்றாக இருந்தது.
அரசாங்கப் படிவத்தில்
இந்து இஸ்லாம் கிறித்தவம் தாண்டி
‘மற்றவை’யில் ஒரு டிக்.
இந்தக் கட்டத்துல நீங்க மட்டும்தாம்மா என்று
வி.ஏ.ஓ. சிரித்தார்,
ஏதோ நிலம் எழுதிக் கொடுத்தவர்போல.

மீன் ஏலத்தில் என் கண் கூர்மை.
செதிலும் துடுப்பும் இருந்தால் கூடைக்கு:
விளைமீன், ஊளி, சாளை.
இறால், நண்டு, கணவாய், திருக்கை
பார்ப்பதற்கு மட்டும்.
இறால் கம்பெனி வீட்டு ரெக்சிக்கு
இது இன்றுவரை அவமானம்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரம்
கீழக்கரை ஜுலைகாவும் நானும்
கல்லூரிப் பட்டியல்களை விரித்து உட்கார்ந்தோம்.
தொழுகை அறை இருக்கிறதா,
ஹாஸ்டல் கறி ஹலாலா என்று அவள் விரல் ஓடியது.
நான் தேடியதற்கு எந்தக் கையேட்டிலும் இடமில்லை.
“உங்க ஆளுக எத்தனை பேரு வேணும்?”
பத்து என்றேன்.
“பத்தா! எங்க ஒரு வீட்டுலயே தேறுமே.”

பத்துப் பேர் கூடாமல்
சில சொற்களை வாய்விடக் கூடாது எங்களுக்கு.
பன்வேலில் தாத்தா இறந்த ஆண்டு
அப்பாவுக்குப் பாம்பன் பாலத்தில் இரவுப் பணி.
மகன் சொல்ல வேண்டிய வேண்டுதல் ஒன்று,
பதினொரு மாதம், நாள்தோறும்.
கேட்டறிந்து கேங்மேன்கள் வந்து நின்றார்கள்.
காட்டுராசா, சந்தியாகு, சீனி இப்ராகிம்,
இன்னும் ஆறு பேர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
அப்பாவோடு பத்து.
ஆனால் எண்ண முடியாத பத்து.
அப்பா வாயைத் திறந்தார்,
காற்றை விழுங்கினார்,
நட்டு முடுக்கப் போய்விட்டார்.

மாண்ட்ரியாலில் பேசிய பெண் சொன்னாள்:
வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு நூற்றிருபது பேர்,
பரீட்சை நேரமென்றால் அறுபது.
நூற்றிருபது!
போனை வைத்தபின்தான் பயம் வந்தது.
அத்தனை பேரில்
கச்சான் காற்று என்றால் யாருக்குக் கண் கரிக்கும்?
கட்டணத்தைக் கேட்டு
அம்மா தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பூனேயில் எடுத்தவன் எலியாஸ் தளேகர்.
பின்னால் குக்கர் சத்தம்.
எத்தனை பேர், என்றேன் மராத்தியில்.
“எட்டு. இல்லை, ஒன்பது.
ரோனித் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், வந்துவிடுவாள்.”
நாக்கு நுனியில் இருந்ததைக் கேட்டேன்:
பெண்பிள்ளையை எண்ணுவீர்களா?
குக்கர் இன்னொரு விசில் அடித்தது.
“அதுதான் சண்டை” என்றான்.

அன்றிரவே விண்ணப்பத்தை நிரப்பினேன்.
மதம்: அங்கேயும் மற்றவை.
“கிடைச்சுதா பத்து?” என்று ஜுலைகா கேட்டாள்.
ஒன்பதரை என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய ஊரில்
பெண்களை மாடத்தில் உட்காரவைத்துத்தான் பழக்கம்.
விடிகாலை பணி முடிந்து வந்து
பழைய டூட்டிச் சீட்டின் பின்பக்கம்
தாத்தாவின் பெயர், தாத்தாவின் அப்பா பெயர்,
இறந்த தேதி
மூன்றையும் எழுதி
என் கணக்கு நோட்டில் செருகினார்.

“எண்ணினாங்கன்னா…” என்றார்.
கை கழுவப் போனார்.
குழாயில் தண்ணீர் வரவில்லை.
“எண்ணினாங்கன்னா சொல்லிடு.”