ஃபில்லாக்கில் ரயில் இரண்டாகும்

என்று சீட்டின் முதுகில் எறும்பெழுத்தில் அச்சாகியிருந்தது.
நான் படிக்கவில்லை.
ஆற்று வண்டல் பற்றி நாற்பது பக்கம் படித்திருந்தேன் அன்று,
அதற்கு மேல் கண் ஏலவில்லை.

சால்ஸ்பர்க்கில் ஏறும்போது இரவு ஒன்றரை.
ஸாக்ரெப் போய் ஸாவா நதியைப் பார்க்க வேண்டும்,
விடுதிக் காசை மிச்சம் பிடித்து
ரயிலிலேயே தூங்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.
பயண அட்டையில் மாதத்துக்கு ஏழு நாள்.
ஒவ்வொரு நாளையும் நாமே பேனாவால் நிரப்ப வேண்டும்.
பென்சிலில் எழுதி அழித்துக்கொள்கிற நண்பர்கள் உண்டு.
எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை,
அல்லது நல்ல ரப்பர் இல்லை.

அறையில் ஆறு பேர்.
ஒருவர் மடியில் கூண்டு, கூண்டில் முயல்.
ஜன்னலோரம் டுப்ராவ்கா, மருத்துவமனைத் தாதி,
விடுப்பிலும் இரவில் தூக்கம் வராது என்றாள்
பாதி ஜெர்மனில், மீதி கையில்.

ஷூவை இருக்கைக்கடியில் தள்ளிவிட்டு
பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு
கழிப்பறை தேடிப் போனேன்.
முதலாவது பூட்டியிருந்தது. இரண்டாவதில் தண்ணீர் இல்லை.
மூன்றாவது நாலு பெட்டி தள்ளி.
அதற்குப் பக்கத்தில் துல்லியோ என்றொருவன்
சதுரங்கப் பலகையை விரித்துவைத்துக்கொண்டு
இரண்டு பக்கமும் தானே ஆடிக்கொண்டிருந்தான்.
பார்க்கச் சகிக்கவில்லை.
கறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் யாரோ
பெரிய கதவை அறைந்து சாத்துவதுபோல்
நடுவில் ஒரு சத்தம்.
எல்லைச் சோதனையாக இருக்கும் என்று
குதிரையை நகர்த்தினேன்.

திரும்பிப் போனால்
கடைசிக் கண்ணாடிக்கு அப்பால் பெட்டி இல்லை.
தண்டவாளம் மட்டும்
பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

என் ஷூ ஸாக்ரெப்புக்கு.
நான் வெனிஸுக்கு.

பரிசோதகர் அட்டையைப் பார்த்தார்,
சாக்ஸைப் பார்த்தார்,
மறுபடி அட்டையைப் பார்த்தார்.
"இது எங்கேயும் செல்லும். காலைப் பற்றி விதி ஒன்றும் இல்லை."

வெனிஸ் நிலையத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒர்னெல்லா
எதுவும் கேட்கவில்லை.
வாளிகள் வைக்கும் அறையிலிருந்து
முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தாள்,
பச்சை நிறம், இரண்டு அளவு பெரிது.
மாலைக்குள், என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

அன்று பார்த்துக் கடல் ஊருக்குள் வந்திருந்தது.
வங்கிக்காரர் பூட்ஸில், பாதிரியார் பூட்ஸில்,
நாய் மட்டும் எசமானி தோளில்.
நான் கால் வைத்த ஊர்களில் முதல் முறையாக
உள்ளூர்க்காரனைப்போல் உடுத்தியிருந்தேன்.
ஒரு கிழவர் என்னிடம் வழி கேட்டார்.
இடப்பக்கம் என்றேன். நம்பிப் போனார்.
படித்த படிப்புக்கு ஏதாவது செய்ய வேண்டுமே,
பூட்ஸில் ஏறிய ஈரத்தை விரலால் அளந்தேன்:
விளிம்புக்கு நாலு விரல் கீழே, பகல் பதினொன்று.

மாலையில் ஒர்னெல்லாவின் வேலைநேரம் முடிந்திருந்தது.
அங்கே வை, என்றான் வேறொருவன்.
துல்லியோ கொடுத்த குளியலறைச் செருப்பில்
கிராட்ஸ் வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து
துறை அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம்.
வண்டல் பற்றிய நாற்பது பக்கமும் இருந்தன.
முதல் தாளில் இருந்த முகவரிதான் வழிகாட்டியிருக்க வேண்டும்.
முப்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தை
முயல் தின்றிருந்தது.
அடியில் ஷூ.
இடது கால் கயிறு புதிது, வெள்ளை.
அஞ்சல் செலவு ஷூவின் விலையைவிட அதிகம்.
கடிதம் இல்லை.

உருக் குலையாமல் இருக்க உள்ளே திணித்திருந்த தாளை
மேசையில் நீவிப் பிரித்தேன்.
யாருடையதோ காய்ச்சல் அட்டவணை,
பெயரிருந்த இடத்தைக் கத்தரித்திருந்தாள்.
திங்கள் முப்பத்தொன்பது புள்ளி ஒன்று.
செவ்வாயும் அதே.
புதன் கொஞ்சம் இறங்கி, வியாழன் இன்னும் இறங்கி,
வெள்ளிக்கிழமைக் கட்டம் காலி.

என் அட்டையிலும் ஒரு நாள் மிச்சம் இருந்தது.
ஸாக்ரெப் என்று பேனாவால் எழுதினேன்.
தேதிதான் இன்னும் போடவில்லை.