மாங்குளம், கடைசிச் சுற்று

கமநல சேவை நிலைய மண்டபத்தில்
யூரியா மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி
மூன்று மேசை போட்டோம்.
ஒரு கறுப்புக் கோட்டை தொலைந்துபோனதால்
அதன் மூலையில் டோர்ச் பற்றரி ஒன்று நின்றது.
நாலு சுற்றுக்குப் பிறகு
அதைப் பார்த்து ஆரும் சிரிக்கவில்லை.

கேள்வி சின்னது:
சம்பியன் தவகீதனுக்கு முன்னால்
இந்த வருடம் ஆர் இருப்பது?

முன்பெல்லாம் அவனே சொல்வான்.
ஐயாயிரம் கட்டக்கூடியவன் வரட்டும் என்பான்.
ஐயாயிரம் உள்ளவர்களுக்கு
அநேகமாக ஆட்டம் தெரியாது.
மூன்று வருடம் சம்பியனாகவே இருந்தான்.

பிறகு கூட்டம் வைத்தோம்.
"உலகப் பட்டத்துக்கே எட்டுப்பேரைக் கூட்டி
எல்லாரும் எல்லாரோடும் ஆடுகினம்"
என்றார் பாமசி குலசிங்கம்.
தரப்புள்ளி பார்த்து எடுப்பம் என்றது பின்வரிசை.
தரப்புள்ளி
வவுனியாப் போட்டிகளுக்கு பஸ் ஏறினவனுக்கு இருக்கும்,
ஏறக் காசில்லாதவனுக்கு இராது.
தோற்றவர் வெளியே என்று வைத்தால்
ஒரு காய்ச்சல் ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.
திருவுளச்சீட்டு நேர்மையானதுதான்,
பலகையே தேவைப்படாத அளவுக்கு நேர்மை.
ஆகவே ஆறுபேர், ஐந்து சுற்று.
நடுவர் நான்.

நாலு சுற்று முடிய குலசிங்கம் மூன்றரை.
நிறோஜினி மூன்று
(ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு இரவு முறை,
கண்ணைக் கழுவிக் கழுவி ஆடினாள்).
நவரூபன் ஒன்று.
அவனுக்கு இனி ஒன்றும் கிடைக்காது.
ஆனால் எல்லாம் அவன் கையில் கிடந்தது.

அன்றுதான் எனக்கு விளங்கியது.
எல்லாரும் எல்லாரோடும் ஆடினால்
கடைசியில்
வெல்ல வழியில்லாத ஒருவன்தான்
வெல்பவரைத் தெரிவுசெய்கிறான்.

ஐந்தரைக்கு முல்லைத்தீவு பஸ்.
அதை விட்டால் விடியத்தான்.
ஐந்து பத்துக்கு, பத்தொன்பதாவது நகர்த்தலில்,
நவரூபன் "சமன்" என்று கை நீட்டினான்.
குலசிங்கம் அதைப் பிடித்த வேகத்தில்
வெள்ளைக் குதிரை ஒன்று சரிந்து விழுந்தது.

அந்தக் குதிரை,
இன்னும் ஒரு பாய்ச்சல் பாய்ந்திருந்தால்
அரசனையும் பற்றரியையும் ஒன்றாய்க் கேட்டிருக்கும்.
நான் கண்டேன்.
நடுவர் கண்டதைச் சொல்லக்கூடாது.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஹோன் அடித்துப் போனது.
நிறோஜினி தலை நிமிர்த்தவில்லை.
மின்குமிழைச் சுற்றி ஈசல் கொட்டத் தொடங்கிய பிறகு,
எழுபத்தோராவது நகர்த்தலில்,
மிஞ்சியிருந்த ஒரே காலாளை
அடிமேல் அடி வைத்துக் கொண்டுபோய்
அரசியாக்கினாள்.

நாலும் நாலும்.
வென்றவர்களிடம் தோற்றவர்களின் புள்ளி முழுதாக,
சமன்செய்தவர்களின் புள்ளி பாதியாக.
விதிப்படி கூட்டினேன்,
கல்குலேட்டரில் இருமுறை, பிறகு கையால்.
குலசிங்கத்துக்குக் கால் புள்ளி கூட.
அந்தக் காலும்
நவரூபனின் ஒன்றரையைப் பிளந்ததில் வந்தது.

அடுத்தநாள் தவகீதனைச் சந்தியில் கண்டேன்.
குலசிங்கமாம் என்றேன்.
"நல்லது, நல்ல மனிசன்."
நிறோஜினி கால் புள்ளியில் விட்டிட்டாள் என்றேன்.
சைக்கிள் மணியை ஒருக்கால் திருகிப் பார்த்தான்.
சத்தம் வரவில்லை.
"அவளுக்கு இரவு வேலைதானே, வரவும் கஷ்டம்" என்றான்.

ஆருடைய பெயருக்கு
சம்பியன் மணியைத் திருகுகிறானோ
அவரைத்தான் முன்னால் இருத்தவேணும்.
என்னுடைய புள்ளித்தாளில்
அதற்கு ஒரு நிரல் இல்லை.
நானே கோடு போட்ட தாள் அது.

குலசிங்கம் நன்றாகத்தான் ஆடினார்,
நாலு ஆட்டத்திலும் தோற்றார்.
அதைக் கொண்டு எதையும் நிரூபிக்கமுடியாது,
அவள் போயிருந்தால் ஐந்தாவதும் தேவைப்பட்டிருக்கும்
என்று சொல்ல ஆசையாக இருக்கிறது,
சொல்லவில்லை.

கூட்டக் குறிப்பேட்டில் ஒரு தீர்மானம்தான் உண்டு:
அடுத்த வருடம் கடைசிச் சுற்றைக் காலையில் வைப்பது.
முன்மொழிந்தவர் நிறோஜினி.
வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் நேரே வருவேன் என்றாள்.
வழிமொழிந்தவர்,
முள்ளியவளையிலிருந்து தொலைபேசியில்,
நவரூபன்.