சறுக்குவண்டியிடம் யாரும் கேட்கவில்லை

வெள்ளி பின்னேரம் ஆறு மணி.
ஸ்கார்பரோ, மோர்னிங்சைட் வீதி,
டிம் ஹோர்ட்டன்ஸ் கார்த் தரிப்பிடம்.
கண்ணாடியை வைப்பர் நாலு தரம் வழிப்பதற்குள்
என் காரிலிருந்து கேதீஸின் காருக்கு
மகள் கைமாறிவிடுவாள்.

கூடவே போகவேண்டியவை:
பனிக் காற்சட்டை, பூட்ஸ்,
பாதிப் போத்தல் இருமல் மருந்து,
ஒற்றைக் கையுறை
(மற்றது போன மாதத்திலிருந்து அந்த வீட்டில்),
நூலகத்தில் என் அட்டைக்கு எடுத்த
படப் புத்தகம்.

பன்னிரண்டே பக்கம்.
ஒரு முயல், ஒரு முள்ளம்பன்றி,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு
சிவப்புச் சறுக்குவண்டி.
நாலாம் பக்கத்தில் இழுபறி.
ஆறாம் பக்கத்தில் கயிறு அறும்.
எட்டில் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஒரே மரத்தின் இரண்டு பக்கத்தில்.
பதினொன்றில் வெயில் வரும், புத்தி வரும்.
திங்கள் எனக்கு, செவ்வாய் உனக்கு.

எழுத்து ஆங்கிலம். என் வாய்க்குத் தமிழ்.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
ஒவ்வோர் இரவும் தடக்குப்படுவேன்.
'பகிர்ந்துகொண்டன' என்றால்
செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது.
'பங்கு போட்டன' என்றால்
கத்தி தெரிகிறது,
கத்திக்குப் பின்னால் வக்கீலும்.
'பிரித்துக்கொண்டன' என்பதை
நாக்கிலேயே மடக்கி விழுங்கிவிட்டு,
'மாறி மாறி வச்சிருந்தவை' என்று
ஒருமாதிரிக் கரையேறினேன்.

ஆரணி படத்தில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:
"சறுக்குவண்டியிட்ட ஆரும் கேக்கேல்லையே?"

"அதுக்கு வாய் இல்லைத்தானே, குஞ்சு."

"கண் இருக்கு. இஞ்ச பாருங்கோ."

பலகையின் முன்பக்கத்தில் இரண்டு ஆணித்தலை.
வரைந்தவர் அதை ஆணியென்றுதான் வரைந்திருப்பார்.
ஆனாலும், பார்த்தபிறகு
பார்க்காமல் இருக்க முடியவில்லை.
நாலாம் பக்கத்தில் அது இங்கும் அங்கும் விழித்தது.
ஆறில் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது.
பதினொன்றில்,
முயலும் முள்ளம்பன்றியும் கைகுலுக்கும்போது,
படத்தின் ஓரத்தில்
அறுந்த கயிறோடு
பாதிப் பனிக்குள் நின்றுகொண்டிருந்தது.

விளக்கை அணைத்தேன்.
அவள் தூங்கிவிட்டாள், நான் இல்லை.

அந்தக் கிழமை புத்தகம் அவளோடு போனது.
அடுத்த வெள்ளி திரும்பி வந்தபோது
சறுக்குவண்டிக்கு வாய் முளைத்திருந்தது.
பென்சிலில் ஒரு நேர்கோடு.
சிரிப்பில்லை, அழுகையும் இல்லை.
நூலகத்துச் சொத்தாயிற்றே என்று
அழிறப்பரோடு குனிந்தேன்.
கோட்டின் இடதுபக்க நுனி
ஏற்கெனவே கொஞ்சம் மங்கியிருந்தது.
அந்த வீட்டிலும் யாரோ
அழிக்கத் தொடங்கி,
நிறுத்தியிருக்கிறார்கள்.

அழிறப்பரை லாச்சிக்குள் போட்டேன்.

பிறகு வந்த வெள்ளி,
எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்சீட்டைக் கேட்டேன்:
"இண்டைக்கு எப்பிடிப் போகப்போறாய்?"

நெடுநேரம் யோசித்தாள்.
பக்கத்துக் காரில் கேதீஸ்
மணிக்கூட்டைப் பார்ப்பது தெரிந்தது.

"மூண்டு பேரும் உள்ளுக்குப் போவம்.
பத்து நிமிசம்."

ஹாட் சாக்லேட் அவளுக்கு.
எங்களுக்கு என்ன வாங்குவதென்று
எங்களுக்கே தெரியவில்லை.
கடைசியில் ஒரு பெட்டி டிம்பிட்ஸ், பத்து உருண்டை.
அவள்தான் பரிமாறினாள்:
உங்களுக்கு, உங்களுக்கு, எனக்கு,
உங்களுக்கு, உங்களுக்கு, எனக்கு.

ஒன்று மிஞ்சியது.

நான் அதை அவர் பக்கம் நகர்த்தினேன்.
அவர் என் பக்கம் நகர்த்தினார்.
மேசையில் சீனித்தூள் கோடு விழுந்தது.

ஆரணி எங்கள் இருவரையும் பார்த்தாள்.
ஒற்றைக் கையுறைக்குள் அந்த உருண்டையைப் போட்டு,
வாயை முறுக்கி மூடி,
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

யாருக்கென்று
நாங்கள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.